சத்து மாத்திரையில் நாம் செய்யும் தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் 180 நாள் சாப்பிடச் சொல்கிறார்கள். "குமட்டுது, மலம் கறுப்பாப் போகுது" என்று பாதியில் நிறுத்திவிட்டு, மீதி அட்டைகளை அலமாரியில் போட்டுவைக்கும் வீடுகள் ஏராளம். அதே வீட்டில், முடி கொட்டாமல் இருக்க ஆன்லைனில் வாங்கிய 'கம்மி' என்ற மிட்டாய் வடிவச் சத்து மாத்திரை மட்டும் ஒரு வேளை தவறாமல் உள்ளே போகும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தேவையான மாத்திரை சும்மா கிடைக்கிறது, அதைச் சாப்பிடுவதில்லை. தேவையில்லாததைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறோம். மற்ற தவறுகளெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

அப்படியானால் சத்து மாத்திரைகள் பயன் தருமா? குறைபாடு இருப்பவருக்குத் தரும், சில சமயம் உயிரையே காக்கும். ஃபோலிக் அமிலம் நல்ல உதாரணம். முதல் குழந்தைக்குத் தண்டுவடக் குறைபாடு இருந்த தாய்மார்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அந்தக் குறைபாடு திரும்ப வருவது சுமார் 72 சதவீதம் குறைகிறது என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான முடிவு அபூர்வம். ஆனால் இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. பின்னால் மூளையும் தண்டுவடமுமாக ஆகும் நரம்புக் குழாய், கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கும்போது அந்தக் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

களைப்புக்கு மல்டிவிட்டமின்

"உடம்பு அசதியா இருக்கு, ஒரு சத்து மாத்திரை கொடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்டால் பி காம்ப்ளக்ஸ் அட்டை ஒன்று வந்துவிடும். மறுநாள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். மாத்திரை வேலை செய்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள், உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று வேறு சிலர் பயப்படுகிறார்கள். இரண்டும் இல்லை. உடம்புக்கு வேண்டாத ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் வெளியே போகிறது, அவ்வளவுதான்.

அசதிக்குக் காரணம் ரத்தசோகையாக இருக்கலாம். தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை, மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம். ரத்தசோகை என்றே தெரிந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்: அதிக மாதவிடாய் போக்கு, மூலம், குடற்புண், கொக்கிப்புழு. ஐம்பது தாண்டிய ஆணுக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் டானிக் கொடுப்பது ஆபத்தான சிக்கனம். குடல் புற்றுநோய் சிலருக்கு இப்படித்தான் முதலில் தலைகாட்டும். இன்னும் சிலருக்குப் பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருக்கும். ரத்த அணுக்கள் சிறிதாக இருப்பதைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுப்பார்கள், ஹீமோகுளோபின் அசையாது. ஃபெரிட்டின் என்ற பரிசோதனையை ஒரு முறை செய்தால் இரும்பு குறைவா இல்லையா என்று பெரும்பாலும் விளங்கிவிடும்.

பி12 கதை இன்னும் முக்கியம். இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயல்பாகக் கிடைக்கிறது. கீரையிலும் பருப்பிலும் கிடையாது. ஸ்பைருலினாவில் நிறைய இருப்பதாக விற்கிறார்கள், அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்பால் பயன்படுத்த முடியாத போலி வடிவம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான், ஆனால் அதுவும் கிடைக்காமல் போவது சுத்த சைவர்களுக்கு எளிது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், 'கேஸ் மாத்திரை' என்று பேன்டாப்ரசோலை ஆண்டுக்கணக்கில் விடாமல் போடுபவர்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை நம் ஊர்ப் பெரியவர்களிடம் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

அவருக்குக் கால் எரிகிறது, மதமதக்கிறது. "சர்க்கரை நரம்பைப் பாதிச்சிடுச்சு" என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். பாதிக் காரணம் பி12 ஆக இருக்கலாம் என்று யாரும் பார்ப்பதில்லை. அவராக ஃபோலிக் அமிலம் அதிகமுள்ள சத்து மாத்திரை ஏதாவது வாங்கிச் சாப்பிட்டால் நிலைமை இன்னும் சிக்கல். ரத்தசோகை சரியாவது போலத் தெரியும், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். பி12 அளவைப் பார்ப்பதென்றால் மாத்திரை தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஒரு மாதம் மாத்திரை போட்டபின் எடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கூடவே ஒன்று. நரம்புக்கு நல்லது என்று பி6 அதிகமுள்ள மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். பி6 அளவு மீறினால் அதுவே கை கால் மதமதப்பை உண்டாக்கும்.

இரும்பும் கால்சியமும் ஒரே வாயில்

காலை டிபன் முடிந்ததும் எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரே மடக்குக் காபியில் விழுங்குவது நம் பழக்கம். இரும்பைப் பொறுத்தவரை இதைவிட மோசமான முறை இல்லை. காபி, டீயில் உள்ள டானின் வகைப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் அதைத் தடுக்கும். இரும்பு மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள், கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது, வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். தைராக்சினை வெறும் வயிற்றில் போட்டபின் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராக்சின் சரியாக உள்ளே போகாது, தைராய்டு குறைவைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவு ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். நோய் முற்றிவிட்டதோ என்று வீட்டில் கவலைப்படுவார்கள். உண்மையில் முற்றியது எதுவுமில்லை, மாத்திரை போடும் நேரம்தான் தவறு.

மலம் கறுப்பாவது இரும்பு மாத்திரைக்கு இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம், கொஞ்சம் குறைவாக உறிஞ்சினாலும் விடாமல் சாப்பிடுவது மேல். கர்ப்பிணி அல்லாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒரு டோஸ் உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, மறுநாள் டோஸை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இரும்பு குறைந்த பெண்களிடம் செய்த சுவிட்சர்லாந்து ஆய்வுகளில், நாள் விட்டு நாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு உடம்பில் சேர்ந்தது. அப்புறம், ஹீமோகுளோபின் சரியானவுடன் நிறுத்திவிடுவதும் தவறு. உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் ஆகும்.

கால்சியத்துக்கு வருவோம். அட்டையில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் உள்ளே கால்சியம் 500தான். ஒரே நேரத்தில் உடம்பு நன்றாக உறிஞ்சுவதும் ஏறக்குறைய அவ்வளவே, ஆகவே இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடுவதில் லாபமில்லை. கார்பனேட் வகைக்கு வயிற்று அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு போட வேண்டும். நாற்பது வயதானாலே பெண்கள் கால்சியம் சாப்பிட வேண்டும் என்ற பேச்சை எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகம் வந்தது. நூறு கிராம் கேழ்வரகில் முன்னூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் இருநூறுக்கு மேல். முதலில் தட்டைப் பார்த்துவிட்டு, பற்றாக்குறை எவ்வளவோ அதற்கு மட்டும் மாத்திரை போதும்.

60,000 கணக்கு

இந்தியாவில் வைட்டமின் டி குறைவுக்கு வழக்கமாக எழுதுவது 60,000 ஐயூ (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) கேப்சூல் அல்லது பவுடர் பாக்கெட். வாரம் ஒன்று, எட்டு வாரம். அதன்பின் குறைந்த அளவு. வாரம் ஒன்று என்பது காது மாறித் 'தினம் ஒன்று' ஆகிவிட்டால் முப்பதே நாளில் 18 லட்சம் ஐயூ உள்ளே போயிருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குப் பாதுகாப்பான உச்ச அளவாகச் சொல்லப்படுவது 4,000. இது கொழுப்பில் கரையும் வைட்டமின், உடம்பில் மாதக்கணக்கில் தங்கும், பி வைட்டமின் போல வெளியே கொட்டாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், புத்தித் தடுமாற்றம் என்று போய்க் கடைசியில் சிறுநீரகம் கெடும். அறிகுறிகளைப் பார்த்தால் சர்க்கரை போலவும் வயிற்றுக் கோளாறு போலவும் இருப்பதால் காரணம் பிடிபடத் தாமதமாகும்.

தினமும் போடாவிட்டாலும், எட்டு வாரத்துச் சீட்டை வைத்து இரண்டு வருஷம் வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. கடைக்காரர் தேதியைப் பார்ப்பதில்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே ஊசியில் 6 லட்சம் ஐயூ போட்டுக்கொள்கிறார்கள், ஒரு வருஷத்துக்குக் கவலையில்லையாம். ஆஸ்திரேலியாவில் 2,256 மூதாட்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் ஐயூ கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 2010இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது: கீழே விழுவதும் கூடியது, எலும்பு முறிவும் கூடியது.

சரி, குறைபாடே இல்லாதவர் அளவாகச் சாப்பிட்டால்? அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினமும் 2,000 ஐயூ கொடுத்து ஐந்து ஆண்டுக்கு மேல் கவனித்த 'வைட்டல்' என்ற ஆய்வில் புற்றுநோய் வருவதும் மாரடைப்பும் குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களைக் குறைபாடு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. நிஜமாகவே எலும்பு மெலிந்தவருக்கு, பர்தா அணிபவருக்கு, நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவருக்கு அது பொருந்தாது.

இதில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களுக்கும் பங்கு உண்டு. நன்றாக இருக்கும் ஆள் தள்ளுபடியில் எழுபது எண்பது பரிசோதனை செய்துகொள்கிறார். டி அளவு 24 என்று சிவப்பு எழுத்தில் வருகிறது, ஏனென்றால் அந்த லேப் 30ஐக் கோடாக வைத்திருக்கிறது. எலும்புக்கு 20 போதும் என்பது பல வல்லுநர்களின் கருத்து. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது.

வெயிலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. காலை ஏழு மணி இளவெயிலில் நடந்தால் டி கிடைத்துவிடும் என்கிறார்கள். நடப்பது நல்லது, தாராளமாக நடங்கள். ஆனால் தோலில் டி உருவாக்கும் புற ஊதாக் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரையில் கொஞ்ச நேரம் கை கால் வெயிலில் படுவதுதான் கணக்கில் சேரும்.

"சத்துதானே, கூடினால் என்ன?"

இந்தக் கேள்விக்கு ஃபின்லாந்தில் பதில் கிடைத்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, அதிலுள்ள பீட்டா கரோட்டினை மட்டும் மாத்திரையாக்கிப் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. இதே போன்ற அமெரிக்க ஆய்வு ஒன்றில் 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்து, 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ கதையும் அப்படித்தான்: தினம் 400 ஐயூ சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் கண்டார்கள். நம் ஊரில் அந்தப் பச்சைக் கேப்சூலை ஊசியால் குத்தி முகத்தில் தடவுகிறார்களே, விழுங்குவதைவிட அது தேவலை.

வெளிநாட்டு மகனோ மகளோ கொண்டுவரும் பெரிய டப்பாக்களில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏயும் டியும் இருக்கும். மல்டிவிட்டமினிலும் அவை இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் கர்ப்பிணிக்கு வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் குறைபாடு வரலாம். வைட்டமின் சி பரவாயில்லை ரகம். தினமும் சாப்பிட்டால் பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் 8 சதவீதம் போலக் குறைகிறது, அதாவது ஒரு வாரச் சளியில் அரை நாள் போல. சளி வராமல் தடுக்காது. கொரோனா காலத்தில் தொடங்கிய துத்தநாக மாத்திரையை இன்னும் விடாதவர்கள் விட்டுவிடலாம், நெடுங்காலம் அதிக அளவில் சாப்பிட்டால் உடம்பில் தாமிரம் குறையும்.

முடி மாத்திரையால் பொய் சொல்லும் ரிப்போர்ட்

முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். உடம்புக்குத் தேவை நாளொன்றுக்கு 30, 40 அளவுதான். பயோட்டின் குறைபாடு அரிது, அது இல்லாதவருக்கு முடி வளர்ந்ததற்கு நல்ல ஆதாரமும் இல்லை. பணம் போனது பரவாயில்லை என்று விடலாம், ஆனால் பல லேப் பரிசோதனைகள் பயோட்டினைப் பயன்படுத்தியே இயங்குகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் தைராய்டு மிகையாகச் சுரப்பது போல ரிப்போர்ட் வரும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு குறைவாகத் தெரியும், அதாவது மாரடைப்பு இருந்தும் இல்லை என்று காட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே இதை எச்சரித்தது. வழக்கமான பரிசோதனை என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். நெஞ்சுவலி என்று அவசரமாகப் போனால், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது இதையும் சொல்லுங்கள். "அது மருந்தில்லையே, சும்மா சத்துக்கு" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம்.

மூலிகை என்றாலும் இதே கதை. குழம்பில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளும், குர்குமின் சாறைச் செறிவாக்கி மிளகின் பைப்பரினைச் சேர்த்து அடைத்த கேப்சூலும் ஒன்றில்லை. பைப்பரின் சேர்ப்பதே உடம்பு அதை அதிகமாக உறிஞ்சத்தான், ஆகவே பக்கவிளைவும் சேர்ந்தே வரும். மஞ்சள் கேப்சூல், அஸ்வகந்தா என்கிற அமுக்கரா, கொரோனா காலத்தில் பிரபலமான சீந்தில் மூன்றிலும் கல்லீரல் பாதிப்புகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எல்லாருக்கும் வராது. ஆனால் பசி அறவே போய், சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை சாப்பிடுபவர்கள் எந்தப் புது கேப்சூலையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

புரோட்டீன் பவுடர் விஷயத்தில் ஜிம் பயிற்சியாளர் சொல்வதே வேதம். 2024இல் இந்தியச் சந்தையில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்த ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் புரதத்தின் அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கிறது. மலிவான அமினோ அமிலத்தைக் கலந்துவிட்டால் எண்ணிக்கை கூடிவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் போதும், கனமான உடற்பயிற்சி செய்தால் கொஞ்சம் கூட. முட்டை, மீன், சுண்டல், தயிர், பருப்பு என்று சாப்பிடுபவருக்கு அது எட்டாத அளவில்லை.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'ஹெல்த் சப்ளிமென்ட்', 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று இருந்தால், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் பதினான்கு இலக்க எண் இருந்தால், அது உணவாக உரிமம் பெற்றது. நோயைக் குணமாக்கும் என்று மருந்தைப் போல நிரூபித்துவிட்டு அது கடைக்கு வரவில்லை. விளம்பரத்தில் நடிகர் என்ன சொன்னாலும் டப்பாவின் பின்பக்கம் இதைத்தான் சொல்கிறது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரையைக் கைக்கெட்டாத உயரத்தில், பூட்டி வைக்க வேண்டும். பளபளப்பான சிவப்புப் பூச்சு மிட்டாய் போல இருக்கும். அட்டையைப் பிரித்துச் சில மாத்திரைகளை விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுத்துச் சிறிது நேரம் தெளிந்தது போல இருந்தாலும் நம்பிவிடக் கூடாது, அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.